உத்தியோகம் என்ற கட்டம்: தலைநகர்த் தமிழரின் மூன்று தலைமுறைகள்

ஆண்டு விழா இனிது முடிந்து, மண்டபத்து நாற்காலிகளை இளைஞர்கள் மடக்கி அடுக்குகின்ற வேளையில், கையில் காப்பித் தம்ளருடன் நிற்கும் பெரியவர்களிடையே ஆண்டுதோறும் தவறாது எழுகின்ற பேச்சு ஒன்றுண்டு. "என் பேரன் ஐந்து வருஷத்தில் நாலு கம்பெனி மாறிவிட்டான். நான் முப்பத்தாறு வருஷம் ஒரே காரியாலயத்தில் இருந்தேன், ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தத்தம் கணக்கை எடுத்துரைப்பார்கள். நாற்காலி அடுக்குகிறவர்கள் காதில் இவை விழாமற்போவதில்லை. சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவன் சிரித்துக்கொண்டே, "தாத்தா, உங்கள் ஆபீஸ் இன்றைக்கும் உங்களுக்குப் பென்ஷன் தருகிறது. என் ஆபீஸ் எனக்கு என்ன தரப்போகிறது?" என்று கேட்டுவிட்டான். பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. இரு திறத்தாரும் நமக்கு வேண்டியவர்களாதலால் அன்று நாம் வாய் திறவாதிருந்தோம். ஆனால் அக்கேள்வி நம்மை விடவில்லை.

பின்னர் ஒருநாள், சங்கத்தின் பழைய அலமாரியைத் துப்புரவு செய்யுங்கால், உறுப்பினர் சேர்க்கைப் படிவங்களின் கட்டுகள் நம் கைக்கு வந்தன. பெயர், சொந்த ஊர், தில்லி விலாசம் என்னும் வரிசையில் நான்காவதாக 'உத்தியோகம்' என்றொரு கட்டம் உண்டு. ஆண்டுவாரியாக அக்கட்டத்தை மட்டும் படித்துக்கொண்டே போனால், தலைநகரத் தமிழரின் வரலாறே நம் கண்முன் விரிகின்றது. இக்கட்டுரை அதனின்றும் எழுந்ததே.

1911 டிசம்பர் 12 ஆம் நாள் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார். மறு ஆண்டு முதல் கல்கத்தாவின் காரியாலயங்கள் தில்லிக்கு வரலாயின. புது தில்லி கட்டி முடிந்து, 1931 பிப்ரவரியில் முறையாகத் திறந்து வைக்கப்பெறும் வரை, அலிப்பூர் சாலையிலிருந்த தற்காலிகக் கட்டடமே தலைமைச் செயலகம். கோடை வந்தால் பைல்களும் பெட்டிகளும் குமாஸ்தாக்களும் சிம்லா மலையேற வேண்டும். பனிக்காலத்தில் மீண்டும் கீழே இறங்க வேண்டும். இவ்வழக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் ஓய்ந்தது. இங்ஙனம் ஆண்டுக்கு இருமுறை இடம்பெயர்ந்த கூட்டத்தில் 'மதராஸி' என்ற ஒரே பெயரால் அழைக்கப்பெற்ற நம்மவரும் இருந்தனர்.

அவர்களை இத்துணைத் தொலைவு கொணர்ந்தவை யாவை? இரண்டு மூன்று காரணங்கள் ஒருங்கே கூடின. முதலாவது தட்டச்சுப் பொறி. கும்பகோணம், தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காடு முதலிய ஊர்களின் மாடியறைகளில் தட்டச்சுப் பயிலகங்கள் முளைத்தன. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத தகப்பனார், மாதச் சம்பளம் சிறிது கட்டி அவனை அங்கே சேர்த்தார். சென்னை அரசாங்கத்தின் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சு கீழ்நிலைக்கு நிமிஷத்துக்கு 30 சொல், மேல்நிலைக்கு 45 சொல். பிட்மன் முறைச் சுருக்கெழுத்தில் 80, 100, 120 என்று படிகள் உயரும். காலைப் பொழுதில் அவ்வீதிகளில் நடந்து செல்வோர்க்கு, மழை ஓட்டின்மேல் விழுவது போன்ற ஓசை கேட்கும் என்று மூத்தோர் சொல்வர். அவ்வோசையின் மறுமுனை தில்லியில் இருந்தது.

இரண்டாவது காரணம் அரசியல். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் தொடங்கிய வகுப்புவாரி அரசாணைகள், சென்னை மாகாணத்து உத்தியோகங்களை எல்லா வகுப்பினர்க்கும் பங்கிட முற்பட்டன. ஒரு சிறு வகுப்பார் பெரும்பாலான இடங்களில் அமர்ந்திருந்த நிலைக்கு அது தக்க மாற்றே என்பது நம் கருத்து. ஆயினும் அவ்வகுப்பைச் சேர்ந்த ஏழைப் பையனுக்கு வழி வடக்கே என்றாயிற்று. 1929 இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் அவ்வழி சற்று எளிதாயிற்று. தில்லித் தமிழ்ச் சமூகத்தின் தொடக்ககாலம் ஏன் அவ்வாறு ஒரு வகுப்பார் மிகுந்ததாயிருந்தது என்று வினவுவோர்க்கு விடை இதிலேயே உள்ளது. இதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

இனி, நம் பெரியவர்கள் மறந்துவிட்ட செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயிலேறி வந்த அப்பையன்களை அவர்தம் தகப்பன்மார் மெச்சினாரல்லர். நிலத்தையும், கோயிற் காரியத்தையும், ஓதும் வழக்கத்தையும் விட்டுவிட்டு, முன்பின் அறியாத துரைக்குக் கைகட்டி நின்று கடிதம் எழுதப் போகின்றான் என்பது ஊர்ப் பெரியோரின் மனக்குறை. திருவள்ளுவர் உழவுக்கென 104 ஆம் அதிகாரத்தை வகுத்து அதனை எல்லாத் தொழிலுக்கும் தலையில் வைத்தார். இவ்வட்டாரத்து இந்தி மக்களிடையே வழங்கும் பழமொழி ஒன்றும் வேளாண்மையைத் தலையாயதாகவும், வாணிகத்தை இடையாயதாகவும், பிறரிடம் ஊழியம் பார்ப்பதைக் கடையாயதாகவும் வைக்கின்றது. அக்கடையாய ஊழியத்தைத்தான் ஒரு தலைமுறைக்குள் நம்மவர், 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று உயர்த்திவிட்டனர். 'கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும்' என்ற மொழி பரவியதும் அக்காலத்தேதான். ஆக, இன்று பேரனைப் பார்த்துத் 'தொழிற்பற்று இல்லாதவன்' என்று வருந்தும் பெரியவர், தம் இருபதாம் வயதில் அதே குற்றச்சாட்டைத் தம் தகப்பனாரிடம் கேட்டவராகவோ, அவ்வாறு கேட்டவரின் பிள்ளையாகவோ இருந்திருப்பார்.

அவர்தம் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பழைய படிவங்களில் 'உத்தியோகம்' என்ற கட்டத்தில் 'ஸ்டெனோகிராபர், நிதி இலாகா', 'அஸிஸ்டெண்டு, ரெயில்வே போர்டு' என்று முத்துப்போன்ற கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கோல் மார்க்கெட்டிலும் கரோல்பாகிலும் ஓரறையில் நால்வராக மெஸ் வைத்துக்கொண்டு, சம்பளத்திற் பாதியை ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்கள் அவர்கள். 1922 ஜனவரி முதல் அமலுக்கு வந்த அடிப்படை விதிகளை, பிறர் வேதத்தை ஓதுவதுபோல் எண் வாரியாகச் சொல்ல வல்லவர்களை நாமே கண்டிருக்கின்றோம். அதிகாரி வாய்மொழியாகச் சொன்ன நெடுங் கடிதத்தை ஒரு பிழையுமின்றி, நான்கு கார்பன் பிரதியுடன் அடித்து வைப்பதில் அவர்களுக்கு ஒரு கலைஞனின் பெருமிதம் இருந்தது. கார்பன் வைத்து அடிக்கையில் ஓர் எழுத்துத் தவறினால் ஐந்து தாளிலும் அழித்துத் திருத்த வேண்டும் என்பதை இக்காலத்தவர் அறியார். அடிப்பதற்கு முன் சிந்திக்கும் பழக்கத்தை அப்பொறி அவர்களுக்குக் கற்பித்தது.

அப்பெருமிதத்தோடு கூடவே ஓர் உடன்படிக்கையும் இருந்தது. யாரும் உட்கார்ந்து கையொப்பமிட்ட உடன்படிக்கையன்று. விதிகளில் அது பரவிக் கிடந்தது. அரசாங்கம் குடியிருக்க வீடு தரும்; வரிசைப்படி பதவி உயர்வு தரும்; வயதானபின் சாகும் வரை சம்பளத்தில் ஒரு பங்கு தரும்; 1964 முதல், இறந்தபின் மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் தரும். இதற்கு ஈடாக அவன் தன் வாழ்நாளைத் தர வேண்டும். முழு ஓய்வூதியம் பெற நெடுங்காலம் 33 ஆண்டுப் பணி வேண்டியிருந்தது. 2006 இலிருந்துதான் 20 ஆண்டு போதும் என்றாயிற்று. முப்பத்தாறு ஆண்டு ஒரே காரியாலயத்தில் இருந்ததைக் குணச்சிறப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்ளும் அன்பர்கள், இந்த 33 என்ற எண்ணையும் சற்றே நினைவுகூர வேண்டும். பத்தாம் ஆண்டில் வேறிடம் போயிருப்பின் அவர்கள் இழந்திருக்கக்கூடியது சிறிதன்று.

அவ்வுடன்படிக்கை குலைகின்றது என்று தோன்றியபோது அவர்களும் வாளா இருந்தாரில்லை. நம் தமிழராகிய நீதிபதி வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதற் சம்பளக் குழு 1947 இல், கடைநிலை ஊழியனுக்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாயும் பஞ்சப்படி 25 ரூபாயும் என்று பரிந்துரைத்தது. விலைவாசி ஏறியது. நீதிபதி ஜகந்நாததாஸ் தலைமையில் அமைந்த இரண்டாம் குழுவின் அறிக்கை 1959 இல் வந்தபோது, எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்ற கசப்பு பரவியது. 1960 ஜூலையில் நாடெங்கும் மத்திய அரசு ஊழியர் ஐந்து நாள் வேலை நிறுத்தம் செய்தனர். 1968 செப்டம்பர் 19 ஆம் நாள், தேவைக்கேற்ற குறைந்த பட்சச் சம்பளம் வேண்டுமென்று மீண்டும் ஒருநாள் நிறுத்தம். அதில் கலந்துகொண்டு வேலையிழந்தோர் உண்டு; சிறை சென்றோரும் உண்டு. 'நாங்கள் எதிர்த்துப் பேசியறியோம்' என்று இன்று சொல்லுகிற சில பெரியவர்கள் அந்நாளில் காரியாலய வாயிலில் முழக்கமிட்டதை நாம் அறிவோம். அதை அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் ஏன் சொல்வதில்லை என்பதுதான் விளங்கவில்லை.

இரண்டாம் தலைமுறையைப் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. தில்லியிலேயே பிறந்து, தமிழ்ப் பள்ளிகளில் படித்து, தகப்பனாரின் உடன்படிக்கையையே இன்னும் சற்று விரித்து எழுதிக்கொண்டவர்கள் இவர்கள். 1956 இல் ஆயுள் காப்பீடும், 1969 ஜூலையில் பதினான்கு பெரிய வங்கிகளும் நாட்டுடைமையாயின. 'கவர்ன்மெண்ட்' என்னும் குடையின் கீழ் புதிய இடங்கள் பல வந்தன. படிவங்களில் 'வங்கி அதிகாரி', 'எஞ்சினீயர்' என்னும் சொற்கள் பெருகுகின்றன. ஓய்வு பெறும் வயது 1962 இல் 55 இலிருந்து 58 ஆகவும், 1998 இல் 60 ஆகவும் ஏறியது. சனி, ஞாயிறு இரு நாளும் விடுமுறையென்ற ஐந்து நாள் வாரம் 1985 இல் வந்தபோது, 'இனி நாடு உருப்படாது' என்று முதல் தலைமுறையார் தலையிலடித்துக்கொண்டதும் நம் நினைவில் உள்ளது.

ஆனால் இத்தலைமுறையில் நிகழ்ந்த பெரிய மாற்றம் வேறொன்று. முதற் கட்டுப் படிவங்களில் பெண்பாலர் பெயருக்கு எதிரே 'உத்தியோகம்' என்ற கட்டம் ஒரு கோடு கிழித்து விடப்பட்டிருக்கும். நால்வர்க்கும் ஐவர்க்கும் சமைத்துப் போட்டு, குழாயில் நீர் வரும் வேளைக்கு விடியுமுன் எழுந்து, மாதக் கடைசியைக் கடத்திய அம்மாமார்கள் அக்கோட்டுக்குள் அடங்கினர். அவர்தம் புதல்வியரோ ஆசிரியைகளாகவும் ஸ்டெனோக்களாகவும் அதிகாரிகளாகவும் அக்கட்டத்தை நிரப்பினர். அஃது எளிதிற் கைகூடியதன்று. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1949 இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி, குடகைச் சார்ந்த சி.பி. முத்தம்மா ஆவார். பெண் அதிகாரி திருமணத்துக்கு அரசின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும் என்றும், இல்லறத்தால் பணிக்கு இடையூறு நேருமாயின் விலக வேண்டி வரலாம் என்றும் அப்பணியின் விதிகள் கூறின. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979 இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளின் பாரபட்சத்தைக் கடிந்துரைத்தார். ஆண் அதிகாரியின் இல்லறம் பணிக்கு இடையூறாகும் என்று எவ்விதியும் அஞ்சவில்லை. மத்திய அரசில் மகப்பேற்று விடுப்பு 180 நாளாகவும், குழந்தை வளர்ப்பு விடுப்பு 730 நாளாகவும் அமைந்தது 2008 இல்தான். 'இக்காலத்துப் பெண்கள் விடுப்பு விடுப்பு என்று கேட்கிறார்கள்' என்று குறைகூறும் ஆடவர், தம் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் அவ்விடுப்பை யார் எடுத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி மூன்றாந் தலைமுறைக்கு வருவோம். 1991 இல் பொருளாதாரக் கொள்கை மாறியது. நொய்டாவிலும் குருகிராமத்திலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு, படைத்துறையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை என்றாயிற்று. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடித்து, அரசும் பங்கு சேர்த்து, சந்தையில் முதலீடு செய்யும் புதிய முறை வந்தது. பின்னர் 2025 ஏப்ரலில், விரும்புவோர்க்கு, 25 ஆண்டுப் பணி முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்ற உறுதியுடன் வேறொரு முறை நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனத்துப் பிள்ளைக்கோ, 1995 ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் 2014 இல் வகுத்த வரம்பின்படி, பொதுவாக 15,000 ரூபாய்ச் சம்பளமே கணக்கு. 35 ஆண்டு உழைத்தாலும் மாதம் 7,500 ரூபாய் அளவுதான் தேறும். நம் மண்டபத்தில் அவ்விளைஞன் கேட்ட கேள்வி துடுக்குத்தனமாக ஒலித்திருக்கலாம். கணக்கு அவன் பக்கம் உள்ளது. நிறுவனம் அவனை வைத்துக்கொள்வதாக வாக்களிக்கவில்லை. அவனும் இருப்பதாக வாக்களிக்கவில்லை. இடம் மாறினால்தான் சம்பளம் ஏறும் என்பது அவன் கண்ட நடைமுறை.

உழைப்பு நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023 அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி, இளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்டு டூப்ரோ தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று சொன்ன பேச்சு வெளிவந்து, நாடெங்கும் வாதம் எழுந்தது. நம் பெரியவர்களிற் பலரும் 'அப்படிச் சொல்லுங்கள்' என்று மகிழ்ந்தனர். ஆனால் 1985 இல் வந்த ஐந்து நாள் வாரத்தில், காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை, நண்பகல் அரைமணி ஓய்வு நீக்கி, மொத்தம் 40 மணியே. மாலையில் பஜனைக்கும், நாடக ஒத்திகைக்கும், சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்துக்கும் அவர்களுக்குப் பொழுது இருந்தது; இல்லையேல் இச்சங்கம் வளர்ந்திராது. பேரனோ இரவு பதினொரு மணிக்கு அமெரிக்காவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கின்றான். 2020 இல் பெருந்தொற்றின்போது அவன் காரியாலயம் படுக்கையறைக்கே வந்துவிட்டது. அவன் சங்கத்துக்கு வருவதில்லை என்று வருந்துகின்றோமே, எப்போது வருவான்?

ஆயினும் இளைஞர் பக்கமே நியாயமனைத்தும் என்று நாம் தீர்ப்பளிக்க வரவில்லை. வேலையைக் கற்றுத் தேர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். ஓரிடத்தில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவன் அறிகின்றவற்றை, பதினைந்து மாதத்துக்கொருமுறை இடம் மாறுகிறவன் எங்ஙனம் அறிவான்? கீழே இருப்பவனுக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கமும் அருகி வருகின்றது. புதிதாய் வந்த குமாஸ்தாவைப் பக்கத்தில் அமர்த்தி, வரைவுக் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருத்தி ஆளாக்கிய பழைய ஸூபரின்டெண்டுகள் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு அதற்கெனச் சம்பளம் ஏதும் தந்தாரில்லை.

இதுகாறும் எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒரு குறை நமக்கே உறுத்தியது. 'தலைநகர்த் தமிழர்' என்று தலைப்பிட்டுவிட்டு, மேசை நாற்காலியில் அமர்ந்தவர்களைப் பற்றியே எழுதியிருக்கின்றோம். 1960-களிலும் 70-களிலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஜங்புராவை அடுத்த பாராபுல்லா ஓடைக்கரையில் குடிசை போட்டவர்களும் தமிழர்களே. அவ்விடத்துக்கு 'மதராஸி காம்ப்' என்றே பெயர். கட்டட வேலை, துப்புரவு வேலை, வீட்டு வேலை அவர்களுடையவை. மழைநீர் ஓடையை மறிக்கின்றது என்று தில்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, 2025 ஜூன் முதல் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பெற்றது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதியுடையன என்று கண்டறியப்பெற்ற குடும்பங்கள் 189. அவ்வீடுகளும் 40 கிலோமீட்டர் அளவு தள்ளியுள்ள நரேலாவில். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு நரேலாவிலிருந்து ஜங்புரா வருவது எத்தகைய பயணம் என்று சொல்ல வேண்டுவதில்லை. பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியும் இங்கேயே நின்றுவிட்டது.

அங்கேயும் மூன்று தலைமுறைகள் உள. பாட்டி செங்கல் சுமந்தவள். மகள் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குகின்றவள். பேத்தி கணிப்பொறி படிக்கின்றாள். முப்பத்தைந்து ஆண்டு ஒரே வீட்டில் வேலை பார்த்தவர்களை அவர்களிடையே நாம் கண்டிருக்கின்றோம். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை என்று அவர்களும் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஓய்வூதிய விதி எதுவும் இல்லை.

இவ்வாண்டு அப்பகுதியிலிருந்து சில குடும்பத்தினர் சங்கத்தில் உறுப்பினராயினர். ஓர் அம்மையார் படிவத்தை வாங்கிக்கொண்டு, எழுதத் தம் பேத்தியிடம் நீட்டினார். பெயர், ஊர், விலாசம் எல்லாம் எழுதிய அச்சிறுமி நான்காவது கட்டத்தில் பேனாவை நிறுத்தி, "உத்தியோகம்னு போட்டிருக்கு பாட்டி, என்ன எழுத?" என்று கேட்டாள். அம்மையார் சற்று யோசித்து, "நாலு வீடுன்னு எழுது" என்றார். அப்படியே எழுதப்பெற்ற அப்படிவம் மற்றவற்றுடன் இவ்வாண்டுக் கட்டில் சேர்ந்துள்ளது.